இடுப்புக் கயிறு

பந்தல்குடியில் மழை பெய்து கிணறு நிறைந்தால் பிள்ளைகளுக்கு நீச்சல் ஆசை வந்துவிடும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டினாலும், இடுப்பில் கயிறு வேண்டுமே! என் மகனுக்குப் பளபளவென்று நைலான் கயிறு வாங்கி வந்தேன்.

"வேணாம் தாயி, நனைஞ்சா முடிச்சு நிக்காது" என்றார் அத்தை. நனைத்து, முடிச்சுப் போட்டு இழுத்தேன். அவிழ்ந்தே விட்டது! எனக்குப் பகீரென்றது.

தேங்காய் நார்க் கயிறு இடுப்பை உராயும். மெல்லிய கயிறு கையை அறுக்கும். கடைசியில் பருமனான நூல் கயிறே வாங்கினோம்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதுவரை கடலில் மூழ்கியவர்களுக்கும் கயிறுதான் உயிர். அசைத்தால் படகிலிருப்பவர் மேலே இழுப்பார்.

சகோதரிகளே, கயிற்றை நனைத்து இழுத்துப் பார்த்த பிறகே கட்டுங்கள். மறுமுனை எப்போதும் நீச்சல் தெரிந்த பெரியவர் கையில் இருக்கட்டும்!