துரைக்கு முன் நிமிர்ந்த ஊவா

தோட்டத்துரை வருவது தெரிந்ததும் குடையை மடக்கு, செருப்பைக் கழற்று, பாதையை விட்டு இறங்கி நில். ஸ்பிரிங்வெளி போன்ற பதுளைத் தோட்டங்களில் பழைய தலைமுறை கற்ற முதல் பாடம் இதுதான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. வேலை போனால் லயத்துக் காம்பிராவும் போகும். பழைய தோட்டத்தின் பற்றுச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. தொழிற்சங்கத்துக்காரர் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. பெரட்டில் முணுமுணுத்தால்கூடக் கங்காணி வழியாகப் பங்களாவுக்கு எட்டிவிடும்.

1940 சனவரியில், வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலைநாடே அடங்கிப்போகும் என்று துரைமார் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் வேலைநிறுத்தங்கள் பதுளை இருக்கும் ஊவாவுக்கும் பரவின. மே மாதம் பதுளையில், தடையை மீறி சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம்.பெரேரா பேசிய கூட்டத்துக்குத் திரண்ட சனத்தைப் பார்த்துப் பொலிசே ஒதுங்கி நின்றது.

ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களுக்குள் ஒரு தொழிலாளர் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அந்தச் சபையைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவதென்று துரையே ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் துவக்குகளையும் பறித்துக்கொண்டார்கள். நேற்றுவரை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒதுங்கியவர்கள்! ஒருவர் மட்டும் நிமிர்ந்திருந்தால் அன்று மாலையே அவர் சட்டிபானை வாசலில் கிடந்திருக்கும். தோட்டமே நிமிர்ந்தபோது யாரை வெளியேற்றுவது? கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அத்தனை பேரையும் அனுப்ப எந்தத் துரைக்கும் துணிவில்லை. பயம் இடம்மாறிப் பங்களாவுக்குள் குடிபோனது.

அது நீடிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வெள்ளம் ஊவாவைத் துண்டித்தது. பொலிஸ் அடக்குமுறை மிச்சத்தை முடித்தது. சூனில் பெரேரா உள்ளிட்ட சமசமாஜத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனாலும் அதே ஆண்டு கையெழுத்தான ஏழு அம்ச உடன்பாட்டில், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைத் தோட்ட முதலாளிமார் ஏற்றனர்.

காம்பிரா விடயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சங்கத்தை ஏற்றவர்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை. மலையக லயங்களில் பெருவாரியான குடும்பங்களின் கையில் இன்றும் காணி உறுதி இல்லை.