மூடியும் மூடாத மின்னஞ்சல் நிரல்

திண்டிவனம்–விழுப்புரம் இருப்புப்பாதை முன்பு ஒற்றைப் பாதையாக இருந்தது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகியவை இடையிலுள்ள நிலையங்கள். ஒற்றைப் பாதைகளில் இரு வண்டிகள் எதிரெதிரே வராமல் தடுக்க டோக்கன் முறை என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கிடையே ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கலாம். அது அடுத்த நிலையத்துக் கருவியில் சேர்ந்தால்தான் இன்னொன்று வெளிவரும். ஓட்டுநர் மறதியாக எடுத்துச் சென்றுவிட்டால், பாதை காலியாக இருந்தும் அடுத்த வண்டி நிற்க வேண்டியதுதான்!

தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் நிரலிலும் இதே கதைதான். திறந்தவுடன் அது தன் கோப்புகளுக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்கிறது. ஏன்? ஒரு மடிப்பிலுள்ள கடிதங்கள் அனைத்தையும் அது வழக்கமாக ஒரே நீண்ட கோப்பில் எழுதுகிறது. இரு நிரல்கள் ஒரே சமயம் அதில் எழுதினால் கடிதங்கள் குழம்பிவிடும்.

சாளரம் மூடிய பின்னும் நிரல் சில சமயம் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டும் அதன் கையிலேயே இருக்கும். மறுபடி திறந்தால், 'ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்புதான் வரும்.

உடனே அதைக் கொன்றுவிடாதீர்கள். நீக்கிய கடிதங்களின் இடத்தைச் சுருக்கும் வேலை நடந்துகொண்டிருக்கலாம்; பாதியில் நிறுத்தினால் நல்ல கடிதங்களும் போகக்கூடும். சில நிமிடங்கள் பொறுங்கள். பிறகும் அசையாவிட்டால், விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் தண்டர்பேர்டைத் தேர்ந்து நிறுத்துங்கள். பூட்டு தானே விடுபடும். மீண்டும் மீண்டும் இப்படி நேர்ந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி நிரலைத் திறந்து, துணைநிரல்களை நிறுத்திவைத்துச் சோதியுங்கள். பல நேரம் குற்றவாளி அவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.