காலாவதித் தேதி இல்லாத சட்டம்

பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் என்றாலே எந்தக் கட்சி ஆதரித்தது, எது எதிர்த்தது என்றுதான் பேசுகிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சட்டம் என்றைக்குக் காலாவதியாகிறது?

இந்திரா காந்தி கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1985-இல், காங்கிரஸ் அரசு தடா சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் ஆயுள் இரண்டே ஆண்டு. 1987-இல் அதைப் புதிதாக இயற்றி, பிறகு 1989, 1991, 1993 என மூன்று முறை நீட்டித்தார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வழக்கமான சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. அடித்து வாங்கியிருக்கலாம் என்பதே காரணம். எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்தால் அதுவும் செல்லும் என்றது தடா. 76,000 பேருக்கு மேல் கைதானார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர்.

1995 தொடக்கத்தில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, இனியும் நீட்டிக்காதீர்கள் என்று எம்.பி.க்களுக்கே கடிதம் எழுதினார். அந்த மே மாதம் தடா காலாவதியானது. ஆனால் நடந்துகொண்டிருந்த வழக்குகள் நிற்கவில்லை. ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்று அடுத்த ஆண்டு சொன்ன உச்ச நீதிமன்றம், 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின்படி வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது.

அடுத்து பொடா. இப்போது கொண்டுவந்தது வாஜ்பாய் அரசு, எதிர்த்தது தடாவைப் பெற்ற காங்கிரஸ். மாநிலங்களவை நிராகரித்ததால் 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளையும் கூட்டி, 425க்கு 296 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். பொடாவை ஆதரித்தவர்களில் வைகோவும் ஒருவர். நான்கு மாதம்கூட ஆகவில்லை. விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக ஜெயலலிதா அரசு அவரையே பொடாவில் கைது செய்தது. 19 மாதம் சிறையில் இருந்தார். சட்டம் யார் கைக்குப் போகும் என்று பாராமல் வாக்களிப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நம் அரசியலில் இல்லை.

பொடாவுக்கும் மூன்று ஆண்டுதான் ஆயுள். அது முடியும் முன்பே, 2004-இல் மன்மோகன் சிங் அரசு அதை ரத்து செய்தது. பலரும் மகிழ்ந்தார்கள். எனக்கு வருத்தம் தருவது அதே நாளில் நடந்த இன்னொரு காரியம். பயங்கரவாதச் செயல் எது, அதற்கு என்ன தண்டனை என்ற பொடாவின் பிரிவுகள் பல, 1967 முதல் இருக்கும் ஊபா சட்டத்துக்குள் குடியேறின. போலீஸ் வாக்குமூலப் பிரிவை விட்டுவிட்டார்கள், அது நல்லது. ஆனால் ஆயுள் வரம்பையும் விட்டுவிட்டார்கள். ஊபா நிரந்தரச் சட்டம்.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-இல், குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம் என்பதும், ஜாமீனுக்கான கடும் நிபந்தனையும் அதில் சேர்ந்தன. 2019-இல் தனிநபரையே பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரத்தை பாஜக அரசு எடுத்துக்கொண்டது. மாநிலங்களவையில் காங்கிரசும் ஆதரித்து வாக்களித்தது.

தடா இருந்தவரை, அதைத் தொடர விரும்பிய அரசு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை பேர் மீது குற்றம் நிரூபணமானது என்று கேட்க எதிர்க்கட்சிக்கு ஒரு நாள் கிடைத்தது. ஊபாவுக்கு அப்படியொரு நாள் கிடையாது. இனி நீக்க வேண்டும் என்று நினைப்பவர்தான் மசோதா கொண்டுவந்து பெரும்பான்மை திரட்ட வேண்டும்.