துளசித் தொட்டியின் கறுப்பு வளையம்

நியூஜெர்சியில் புதிதாகக் குடியேறிய வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வாடகை அபார்ட்மென்டில் தரை முழுக்க மரம். ஆகஸ்டில் குடிவந்தபோது பளபளவென்று ஒரே பாளமாக இருந்தது. ஜனவரியில் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருக்கிறது. வீட்டுக்காரர் எங்கள் தலையில் கட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது."

கட்டக் கூடாது. இடைவெளிக்குக் காரணம் குளிர்கால ஹீட்டர். சூடேறிய காற்று வறண்டு, மரத்திலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு இறுகிப்போகும். அப்பா தோளால் முட்டித்தான் திறப்பார். பங்குனியில் அதே கதவு தாழ்ப்பாள் போடாவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே கதைதான். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். அமெரிக்கப் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் சிவப்பு ஓக் பலகை, அகலம் இரண்டேகால் அங்குலம். அதன் ஈரம் 9 சதவீதத்திலிருந்து 6க்கு இறங்கினால், ஒவ்வொரு பலகையும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கக்கூடும். 12 அடி அறைக்கு 64 பலகைகள். அத்தனை இடைவெளிகளையும் ஒரு சுவரோரம் ஒதுக்கினால் நான்கு சென்டிமீட்டர் வரும்!

நானும் அங்கே சில வருஷம் வாடகைக்கு இருந்தேன். ஒரு முறை பழுதுபார்க்க வந்த தச்சரிடம், வெட்டி எறிந்த ஓக் துண்டு ஒன்றை விரல் நீளத்துக்குக் கேட்டு வாங்கினேன். குறுக்கே வெட்டிய முகத்தில் ஊசி குத்தியது போல் வரிசையாகத் துளைகள். ஒரு முனையைத் தம்ளர் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் வாய்வைத்து ஊதினேன். குமிழ் குமிழாகக் கிளம்பியது. மரம் நின்றிருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. தரையான பிறகும் அடைபடவில்லை. அதன் பங்காளியான வெள்ளை ஓக்கில் இது நடக்காது. அங்கே பக்கத்துச் செல்கள் குழாய்க்குள் பலூன் போலப் புடைத்து வழியை அடைத்துவிடுகின்றன. விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுவது இதனால்தான். சிவப்பில் செய்தால் ஒழுகிவிடும்.

குழாய் திறந்த மரத்தின் மீதுதான் நாம் வாளித் தண்ணீரோடு இறங்குகிறோம். மேலே பூசிய பாலியூரிதேன் தண்ணீரைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் பலகைகள் சேரும் இடத்தில் என்ன தடுப்பு இருக்கிறது? மொசைக் தரையைத் துடைத்த கையோடு, சொட்டச் சொட்டத் துணியைப் போட்டு மரத்தைத் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். நன்றாகப் பிழிந்த துணி போதும். தினமும் என்றால் காய்ந்த துணியே போதும்.

அம்மா வந்து தங்கியபோது, ஜன்னலோரம் இரும்பு முக்காலியில் துளசித் தொட்டி வைத்தார். தினம் ஒரு செம்பு தண்ணீர். மூன்று மாதம் கழித்து நகர்த்தினால், முக்காலியின் அடிவளையம் அப்படியே தரையில் கறுப்பாகப் பதிந்திருந்தது. தேய்த்தோம், சோப்புப் போட்டோம், போகவில்லை. அது அழுக்கே இல்லை. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். எங்கள் தொட்டி மூன்று மாதமாகத் தரையில் மை காய்ச்சியிருக்கிறது.

காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். தவறு எங்களுடையது, அதில் வருத்தமில்லை. ஒரு தட்டளவு கறைக்காக அறை முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்தார்கள், அதுதான் உறுத்துகிறது. ஆக்சாலிக் அமிலம் தடவியிருந்தால் வெளுத்திருக்கும். மிஞ்சினால் இரண்டு பலகை மாற்றியிருக்கலாம். முக்கால் அங்குலத் தடிமன் என்றாலும், பலகைகள் கோத்திருக்கும் நாக்குக்கு மேலே உள்ள மரம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் முக்கால் மில்லிமீட்டர் போகிறது. எண்ணி ஏழெட்டு முறைக்குள் ஆணித் தலை எட்டிப் பார்க்கும். பல பத்தாண்டு வளர்ந்த மரத்தை, குடித்தனம் மாறும்போதெல்லாம் தூளாக்கிக் குப்பையில் கொட்டுவதா?

வாசகிக்கு: இடைவெளியில் மக்கு எதுவும் அடைக்காதீர்கள். கோடையில் பலகை ஊதும்போது அது பிதுங்கி வெளியே வரும். காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், உங்கள் தொண்டைக்கும் நல்லது. இப்போதே தேதியோடு ஒரு படம் எடுத்துவிட்டு, ஜூலையில் அதே இடத்தை இன்னொரு படம் எடுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் இரண்டையும் காட்டலாம். துளசிக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு.