மாலுமியின் மனைவி

ஏழு கடலும் எங்களுடையவை என்று பிரிட்டிஷார் இறுமாந்திருந்த காலத்தில், அக்கடற்படை மாலுமிகளின் மனைவியர் கதி யாது? கணவன் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்நிய சமுத்திரங்களில் திரிவான். வீட்டு வாடகையும் குழந்தைகளின் பசியும் அதுவரை காத்திருக்குமா? மனைவியருக்கென்று சர்க்கார் தனியாகப் படியளக்கத் தொடங்கியது 1914-ல், மகாயுத்தம் மூண்ட பிறகே! அதுகாறும் அவன் தன் சம்பளத்தில் ஒதுக்கி வைத்ததுதான் அவளுக்குக் கிட்டியது. கரையில் இறங்கியதும் எஞ்சியதை மதுக்கடை விழுங்கிவிடும்.

ஆக்னெஸ் வெஸ்டன் என்ற கிறிஸ்தவ மாதரசியின் தொண்டு ஒரு கடிதத்தில் ஆரம்பமாயிற்று. 1868-ல், 'குரோகடைல்' என்ற துருப்புக் கப்பலில் சென்ற சிப்பாய் ஒருவனுக்கு அவர் எழுதிய அன்பு மொழிகளைக் கண்ட கப்பல் ஊழியன், தனக்கும் இப்படி எழுதுவார் இலரே என ஏங்கினானாம். அவனுக்கும் எழுதினார். நாளடைவில் மாதந்தோறும் அச்சிட்டு அனுப்பவேண்டிய அளவுக்குக் கடிதங்கள் பெருகின. 1876-ல் டெவன்போர்ட் துறைமுகத்திலும், பின்னர் போர்ட்ஸ்மத்திலும், மது வாடையற்ற மாலுமி விடுதிகள் எழுந்தன. அங்கே மனைவியரும் கூடினர், வேதம் வாசித்தனர், பிரார்த்தித்தனர். உபதேசம் சற்று அதிகந்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், அடுத்த வீட்டுக்காரியின் கணவனும் அதே கப்பலில் இருக்கிறான் என்றறிந்து இருவரும் சேர்ந்து அழுவதிலுள்ள ஆறுதலை எந்தச் சர்க்கார் படியளக்கும்?

1918-ல் அம்மாது காலமானபோது, முழுக் கடற்படை மரியாதைகளுடன் அடக்கம் செய்தார்கள். அவர் நிறுவிய ஸ்தாபனம் கடற்படைக் குடும்பங்களிடையே இன்றும் பணியாற்றி வருகிறது.