தறிக்காரருக்கும் சொந்த புத்தி உண்டு

படித்த உத்தியோகஸ்தர்தான் வேலையில் மனநிறைவைத் தேடுவார், கூலி வேலைக்காரருக்குச் சம்பளம் நேரத்துக்கு வந்தால் போதும் என்ற நினைப்பு நிர்வாகங்களை விட்டு இன்னும் போகவில்லை. அகமதாபாத் காலிகோ மில்லில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது வேறு.

1952இல் அங்கே தானியங்கித் தறிகள் வந்தன. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 ஆட்கள். வேலையோ 12 துண்டு. தறியை ஓட்ட ஒருவர், நூல் தார் நிரப்ப ஒருவர், மொத்தமாக அறுந்த பாவு நூலை முடிய ஒருவர், எண்ணெய் விட, துணி சுமக்க, கூட்டிப் பெருக்கத் தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். அதனால் ‘இது எங்கள் தறி’ என்று சொல்ல யாருமில்லை. இயந்திரம் புதிது, உற்பத்தி மட்டும் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. துணியில் பழுதும் அதிகம்.

என்ன மாறியது?

லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் 1953இல் ஒரு யோசனை சொன்னார். சிறு குழுக்களாகப் பிரியுங்கள்; குறிப்பிட்ட தறிகளுக்கு அந்தக் குழுவே முழுப் பொறுப்பு. தொழிலாளர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் உற்பத்தி கூடியது, பழுது குறைந்தது.

படித்தவர்கள் கேட்டது என்ன?

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி 1959இல் நூல் வெளியிட்டார். சாதித்த நிறைவு, பாராட்டு, வேலையின் ருசி, பொறுப்பு ஆகியவைதான் அவர்களை மகிழ்வித்தன. தறிக்கூடத்துக்குப் பலன் தந்ததும் அதே பொறுப்புதான்.

அப்படியானால் வித்தியாசம்?

மருத்துவர் எந்த மருந்து தருவது, வக்கீல் எதை முதலில் வாதிடுவது என்பதை அவரவரே தீர்மானிக்கிறார். அவர்களின் தொழிலே தரும் உரிமை அது. தொழிலாளிக்கோ அது மேலிருந்து வர வேண்டும்; வந்த வழியே போய்விடவும் கூடும். 1970இல் ஆய்வாளர் எரிக் மில்லர் அதே காலிகோ மில்லுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை பெருமளவு திரும்பியிருந்தது.

சம்பளத்தைக் குறைத்துவிட்டு ‘சுதந்திரம்’ தருகிறோம் என்பது ஏமாற்று. உரிய கூலியும் வேண்டும், தன் கைவேலையில் தன் புத்தியைக் காட்ட இடமும் வேண்டும். இரண்டாவதைக் கொடுக்க நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.