முதன்முறையாகப் பனிச்சறுக்குக் கற்போரும் அவர்தம் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

பனிச்சறுக்கு என்பது இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனி படர்ந்த மலைச்சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பில்லை. எனினும், சுசீந்திரத்தில் மார்கழித் தேர் நிலைக்கு வந்து சேரும் அதே நாட்களில்தான் காஷ்மீரின் குல்மார்க்கிலும் உத்தராகண்டின் ஔலியிலும் பனிக்காலம் தொடங்குகிறது. விடுமுறையில் அங்குச் செல்வோர் பனியைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்புவதில்லை. பலகையைக் காலில் கட்டிப் பார்க்கவும் விரும்புகின்றனர். அந்த விருப்பத்தில் தவறேதுமில்லை. நாற்பது, ஐம்பது வயதிலும் இதைக் கற்க இயலும். ஆனால் கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடல், குளிரையும் உயரத்தையும் வழுக்குதளத்தையும் ஒரே நாளில் எதிர்கொள்கிறது. அதற்குரிய ஆயத்தம் ஊரிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் மருத்துவரிடம் பேச வேண்டியவர்கள்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிற்குச் சிகிச்சை பெற்று வருபவராயின், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரைக் காணுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும், சிறிது நடந்தாலே நெஞ்சுவலி வருபவர்களும் இவ்விளையாட்டைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்களும் தவிர்க்க வேண்டும். விழுவது இவ்விளையாட்டின் பகுதி என்பதே காரணம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடிகூட உட்கசிவாக மாறக்கூடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இரத்தச் சர்க்கரை தாழும்போது தோன்றும் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நீங்களும் உடனிருப்பவரும் எண்ணிவிடலாம். ஆகவே நடுக்கம் வந்தால் முதலில் இனிப்பு, பிறகு போர்வை என்னும் வரிசையைப் பின்பற்றுங்கள். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் ஆற்றல் கெட்டுவிடும். உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தலாகாது. வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். சர்க்கரை அளவிடும் கருவியும் கடுங்குளிரில் சரியாக இயங்காது. அதற்கும் அதே இடம்தான். பாதங்களில் உணர்வு குறைந்தவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. சறுக்குக் காலணிகள் மிகக் கெட்டியானவை. அவை கடித்தாலும் வலி தெரியாது, விரல் உறைந்தாலும் தெரியாது. பாத உணர்வுப் பரிசோதனை செய்து கொள்ளாமல் அவற்றை அணியாதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, உலர்ந்த காற்றே மூச்சிறைப்பைத் தூண்டக்கூடும். இன்ஹேலரை எட்டும் இடத்தில், உட்பையில் வைத்திருங்கள்.

ஆறு வாரங்களுக்கு முன்பே

பனிச்சறுக்கில் நாள் முழுவதும் முழங்கால்கள் சற்று மடிந்த நிலையிலேயே இருக்கும். தொடைத் தசைகள் தளர்ந்தால் சுமை முழுவதும் மூட்டிற்குச் செல்லும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலேயே அமர்ந்த நிலையில் நிற்றல், மாடிப்படி ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுதல் ஆகியவை போதும். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர்கள் இப்பயிற்சிகளையே ஒரு சோதனையாகக் கொள்ளலாம்: படியிறங்கும்போது வலிக்கும் முழங்கால், பனியிலும் வலிக்கும்.

உயரம்

நாகர்கோவில் வழியாகச் செல்லும் ஹிமசாகர் விரைவு ரயில், வாரம் ஒருமுறை கன்னியாகுமரியிலிருந்து காத்ரா வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பயணம் ஏறத்தாழ மூன்று நாட்கள். 2025 ஜூன் முதல் காத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் செல்கிறது. இத்தனை நேரம் அமர்ந்தே வருவதால் கால்கள் வீங்கும். அவ்வப்போது எழுந்து நடப்பதும் போதிய நீர் அருந்துவதும் அவசியம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைக் காணாமல் பனிக்குச் செல்லாதீர்கள்.

ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். அங்குக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் முக்கால் பங்கிற்கும் சற்றுக் குறைவாகிறது. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்கிறது. கற்றுக்கொள்பவருக்கு அங்கே வேலையில்லை. அங்குள்ள சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை. பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர்.

விமானத்தில் வந்திறங்கியவர்கள் ஸ்ரீநகரில் ஓர் இரவேனும் தங்கிச் செல்லுதல் நன்று. குல்மார்க்கை அடைந்த முதல் நாளில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தோன்றினால் அது உயர ஒவ்வாமை. ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள், மது வேண்டாம். ஓய்விலிருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். டங்மார்க் 13 கிலோமீட்டர் தொலைவில், குல்மார்க்கை விடத் தாழ்வாக உள்ளது. இந்நிலையில் நோயாளி தாமாக முடிவெடுக்க இயலாது. முடிவு உடனிருப்பவருடையது.

முதல் நாள்

நண்பரிடம் கற்பதைவிடப் பயிற்றுநரிடம் கற்பது பாதுகாப்பானது. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் தொடக்க நிலைப் பயிற்சிகளை நடத்துகிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் சறுக்கிய ஆரிஃப் கானும் குல்மார்க் பகுதியைச் சேர்ந்தவரே.

காலணியைப் பொறுத்தவரை, நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாய்ந்ததும் விரல் விடுபட வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நம்மவர்களின் வழக்கம். அது இரத்த ஓட்டத்தை அழுத்திக் காலை மேலும் குளிரச் செய்யும். ஒன்று போதும்.

காலணியையும் பலகையையும் இணைக்கும் பூட்டிற்கு பைண்டிங் என்று பெயர். விழும்போது அது விடுபட வேண்டும். எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பது உங்கள் எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், திறன் ஆகியவற்றைப் பொறுத்து அமைக்கப்படும். வாடகைக் கடையில் இவற்றைக் கேட்காமல் பலகையைத் தந்தால், நீங்களே எடுத்துக் கூறிச் சரிசெய்யச் சொல்லுங்கள். முந்தைய வாடிக்கையாளர் தொண்ணூறு கிலோ எடையுள்ளவராயின், அவருக்காக இறுக்கப்பட்ட பூட்டு ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள உங்களுக்கு விடுபடாது. எடையைச் சொல்லக் கூச்சப்பட்டுக் குறைத்தோ கூட்டியோ சொல்வது இவ்விடத்தில் மூட்டைப் பாதிக்கும்.

சமதளத்தில் நடப்பது, ஒற்றைப் பலகையில் வழுக்குவது, மெல்லிய சரிவில் நேராக இறங்கித் தானே நிற்பது, பிறகு பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்து ஆப்பு வடிவில் வேகத்தைக் குறைப்பது என்பதே பயிற்சியின் வரிசை. தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பலகைகளின் உள்விளிம்புகள் பனியை அழுத்தித் தடையாகின்றன. இதில் நிற்கக் கற்காமல் அடுத்த சரிவிற்குச் செல்ல வேண்டாம்.

எப்படி விழ வேண்டும்

தொடக்கநிலைக் கற்போருக்கு மிகுதியாகப் பாதிக்கப்படுவது முழங்கால். இதன் காரணம் அறியத்தக்கது. முற்காலத்தில் சறுக்குவோர்க்குக் கணுக்காலும் முன்காலெலும்பும் முறிவது வழக்கமாக இருந்தது. கெட்டியான காலணிகளும் விடுபடும் பூட்டுகளும் வந்த பின் அம்முறிவுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் கணுக்கால் அசையாதபடி கட்டப்பட்டதால், பலகை முறுகும்போது அம்முறுக்கு முழங்காலுக்கு ஏறுகிறது. மெதுவாக, முறுக்கிக்கொண்டே விழும்போது பூட்டு விடுபடாமலும் போகலாம். அப்போது கிழிவது லிகமெண்ட் எனப்படும் மூட்டு இணைப்பு நார். ஆப்பு வடிவில் இறங்குபவரின் பலகை உள்விளிம்பில் சிக்கினால் முழங்காலின் உட்பக்க நார் கிழியலாம். பின்னே சாய்ந்து விழுந்தால் மூட்டின் நடுவிலுள்ள முன்சிலுவை நார் கிழியலாம். பின்னது பெண்களுக்குக் கூடுதலாக நேர்கிறது.

நாஞ்சில் நாட்டு வயல்வரப்பில், சேற்றில் கால் வழுக்கினால் உடல் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் சாயும், கால் விறைத்து நீளும், கை தரையைத் தேடும், விழுந்த மறுகணமே எழ முயலும். பனியில் இவை நான்குமே தீங்கானவை. விழப் போகிறோம் என்று தெரிந்ததும் விழுவதை எதிர்த்துப் போராடாதீர்கள். முழங்கால்களை மடித்தபடியே, கைகளை முன்னே வைத்துக்கொண்டு, இடுப்பின் பக்கவாட்டில் சாயுங்கள். முழுமையாக நின்ற பிறகே எழுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போது எழ முயல்வதே பல மூட்டுகளைக் கெடுத்துள்ளது. உள்ளங்கையை ஊன்றாதீர்கள். ஊன்றுகோலைப் பிடித்தவாறே விழுந்தால் கட்டைவிரலின் அடிமூட்டு பின்னே வளைந்து நார் கிழியும். விழும்போது கோலை விட்டுவிடுங்கள். முதல் நாளில் பயிற்றுநரிடம் விழுவதையே தனியாகப் பழகக் கேளுங்கள். பலர் இதைக் கேட்கத் தயங்குகின்றனர். கேட்கத் தகுந்த முதல் பாடம் இதுவே.

களைத்த கால்கள் வளைய மறுக்கும். பிற்பகலில், "இன்னும் ஒரேயொரு முறை" என்று தோன்றும்போது பலகையைக் கழற்றுங்கள். கட்டணம் வீணாகும் என்ற எண்ணம் வரும். அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான இயன்முறைப் பயிற்சியும் அதைவிடச் செலவு மிக்கவை.

தலையில் அடிபட்டால்

2009 மார்ச் 16 அன்று, கனடாவின் மோன் திராம்ப்லாங் மலையில், தொடக்கநிலைச் சரிவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. எழுந்தார், பேசினார், நலமாக இருப்பதாகக் கூறி மருத்துவ உதவியை மறுத்தார். பின்னர்த் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களில் இறந்தார். மண்டையோட்டிற்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கசிந்து அழுத்தியதே காரணம். இவ்வகைக் கசிவில் அடிபட்டவர் சிறிது நேரம் தெளிவாகவே இருப்பார். அந்தத் தெளிவு ஏமாற்றக்கூடியது.

ஆகவே தலைக்கவசம் கட்டாயம். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்று மீண்டும் சறுக்கலாகாது. 24 மணி நேரம் தனியே விடலாகாது. தலைவலி கூடுதல், வாந்தி, மயக்கம், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனை. நாடு முழுவதற்குமான அவசர உதவி எண் 112.

வெயிலும் கண்ணும்

புதிதாகப் பெய்த பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். உயரம் கூடக் கூட அக்கதிர்களின் செறிவும் கூடும். குளிர்வதால் வெயில் இல்லை என்று எண்ண வேண்டாம். கண்ணாடியின்றிச் சறுக்கியவருக்கு அன்றிரவே கண்ணில் மணல் விழுந்தாற்போல் எரிச்சலும் நீர்வடிதலும் தொடங்கலாம். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள்; மூக்கின் கீழும் தாடையின் கீழும்கூடக் களிம்பு பூசுங்கள்.

ஊர் திரும்பிய பின்

விழுந்தபோது முழங்காலில் "படக்" என்று ஒலி கேட்டு, சில மணி நேரத்திற்குள் மூட்டு வீங்கியிருந்தால், அது சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். அன்றே சறுக்குவதை நிறுத்தி, மீட்புக் குழுவினரை அழைத்துக் கீழிறங்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், மிதமான அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை முதலுதவி. நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டால் எக்ஸ்ரே தேவை. அதை அங்கேயே எடுத்துவிடுங்கள், மூன்று நாள் ரயில் பயணத்திற்குப் பின் அல்ல.

வீக்கம் வடிந்து வலி குறைந்த பிறகும், திரும்பும்போது முழங்கால் நழுவுவதுபோல் தோன்றினால் நார் கிழிந்திருக்கக்கூடும். ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவை அணுகுங்கள். நார் கிழிவுகள் அனைத்திற்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. உட்பக்க நார் கிழிவு பெரும்பாலும் மூட்டுப் பட்டையாலும் இயன்முறைப் பயிற்சியாலுமே ஆறுகிறது. அதுவரை சம்மணமிட்டு அமர்வதையும் குந்தி அமர்வதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். வீட்டில் தரைமட்டக் கழிப்பறை மட்டுமே இருப்பின், குடும்பத்தினர் முன்கூட்டியே ஒரு கழிப்பறை நாற்காலிக்கு ஏற்பாடு செய்து வையுங்கள்.